நாற்பது பேர்ச்சஸ், இரண்டு உறுதி: ஒரு காணிக் கொள்வனவின் நிகழ்வு ஆய்வு

பண்டாரவளையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதினேழு வருடமாகக் கிளார்க்காக இருக்கிறேன். காணிப் பதிவகத்துக்குப் போய் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. இங்கே எழுதுவது எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு விடயம். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

வாங்க வந்தவர்கள் ஒரு அக்காவும் தம்பியும். இருவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள். அக்கா டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். தம்பி கத்தாரில் பதினொரு வருடம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாய் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே சம்பளம் வாங்கியவர்கள் நொந்துபோன அந்த நேரத்தில், வெளிநாட்டில் சேமித்தவர்களின் கணக்கு ரூபாயில் திடீரென்று பெருத்தது. எல்ல, தெமோதரைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளும் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு துண்டுக் காணி வாங்கி, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் தம்பி ஊருக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் போட்ட திட்டம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். லயத்து அறை நாம் இருக்கும் இடம், நம் பெயரில் உள்ள இடமல்ல. நிலம் அரசுடையது. 1992இலிருந்து கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. மூன்று நான்கு தலைமுறையாக அதே மண்ணில் உழைத்த குடும்பத்தில்கூட, அலுமாரியைத் திறந்தால் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், சேமலாப நிதிக் கடிதம் இருக்கும், காணி நம்முடையது என்று காட்டும் உறுதிப் பத்திரம் இருக்காது. தாத்தாவின் உறுதியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எல்லை, மூல உறுதி (காணியின் முந்தைய உறுதி), ஈடு (கடனுக்குக் காணியைப் பிணை வைப்பது) என்ற சொற்கள் தானாகக் காதில் விழுந்திருக்கும். நம் ஆட்களுக்கு முதல் உறுதியே ஐம்பது வயதில்தான் கைக்கு வருகிறது. அதனால்தான் காணி காட்ட வருகிறவர் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். இந்த விடயத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இது இருந்தது.

முற்பணம்

2023 பெப்ரவரியில் தம்பி லீவில் வந்திருந்தார். தெரிந்தவர் மூலம் ஒரு தரகர் அறிமுகமானார். அவரும் தமிழர்தான், அக்காவின் கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். தெமோதரைப் பக்கத்தில் 40 பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர், காட்டினார். சரிவில் மேல்பாதி தேயிலை, கீழ்ப்பாதியில் வாகனம் வந்து நிற்கும் அளவுக்கு ஒரு மண் பாதை, எதிரே மலை. பேர்ச்சஸ் 2,25,000 ரூபாய், மொத்தம் 90 இலட்சம். தனக்கு இரண்டு சதவீதம் தரகு என்றார்.

"கிளியர் உறுதி அக்கா. ரெண்டு உறுதி இருக்கு, ரெண்டும் கிளியர். லோயர் நம்ம ஆளு, எல்லாத்தையும் அவர் பாத்துக்குவாரு."

வேறு ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சொன்னதும், தம்பி அடுத்த நாளே 5 இலட்சம் முற்பணம் கொடுத்தார். விற்பவரின் கையில் அல்ல, தரகரின் கையில். கோடு போட்ட கொப்பித் தாளில் ஒரு பற்றுச்சீட்டு எழுதி, முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முத்திரை ஒட்டினால் சட்டப்படி செல்லும் என்று நம்பியதாக அக்கா பிறகு சொன்னார்.

அது அப்படியல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பனை மட்டுமல்ல, விற்கிறேன் என்று கொடுக்கும் வாக்கும்கூட எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதிபெற்றவர்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். கொப்பித் தாளைக் காட்டி "எனக்குக் காணியை எழுதிக் கொடு" என்று விற்பவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கொடுத்ததற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

வரைவு உறுதி

தம்பி கத்தாருக்குத் திரும்பிய பிறகு, மார்ச் நடுவில் தரகர் இரண்டு விடயம் கேட்டார். ஒன்று, தம்பியிடமிருந்து தன் பெயருக்கு ஒரு அற்றோணித் தத்துவம், அதாவது தம்பிக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், ஊர்ப்பேச்சில் 'பவர்'. "ஒவ்வொண்ணுக்கும் தம்பிய கூப்பிட முடியாதுல்ல, வேலை இழுபடும்" என்று காரணம் சொன்னார். அனுப்பிவைத்த மாதிரியில், காணி வாங்குவதற்கான அதிகாரத்தோடு விற்கவும் ஈடு வைக்கவும் பணம் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் இருந்தது. இரண்டாவது, உறுதியில் விலையை 30 இலட்சம் என்று குறைத்து எழுதலாம் என்ற யோசனை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 90 இலட்சத்துக்கு 3,59,000 ரூபாய் வரும், 30 இலட்சத்துக்கு 1,19,000. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் மிச்சம் என்றதும் யாருக்கும் ஆசை வரும்.

வரைவு உறுதி சிங்களத்தில் வந்தது. அக்கா சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. உயர்தரம் படிக்கும் மகள்தான் எழுத்துக் கூட்டி வாசித்துக் கொடுத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில், நொத்தாரிசின் அத்தாட்சிக்குக் கொஞ்சம் மேலே ஒரு வரி. தரப்பினர் கேட்டுக்கொண்டபடி காணிப் பதிவகத்தின் ஏடுகள் தேடப்படவில்லை என்று அதில் இருந்தது.

"அம்மா, தேட வேணாம்னு நீங்களா சொன்னீங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. தேடுவது என்றால் என்ன என்றே அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் அடுத்த நாள் அக்கா எங்கள் படியேறினார். அந்தப் பிள்ளையின் பெயரை எழுத முடியவில்லையே என்பது என் வருத்தம்.

அலுவலகத்தில் எடுத்த முதல் முடிவுகள்

உறுதி எழுதுமுன் காணியின் பழைய பதிவுகளைப் பதிவகத்தில் தேடுவது நொத்தாரிசின் கடமை என்று நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தரப்பினரே வேண்டாம் என்று எழுத்தில் சொன்னால், தேடாமலே எழுதலாம். அந்த வரியின் வேலை நொத்தாரிசைக் காப்பது, வாங்குகிறவரை அல்ல. எங்கள் சட்டத்தரணி மெடம் அக்காவிடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "இந்த லோயருக்கு காசு குடுக்கிறது யாரு?" அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்ததில், விற்பவரின் முந்தைய பத்திரங்களை எழுதியவரும் அவரே, தரகரின் மற்ற வேலைகளை எழுதுகிறவரும் அவரே என்று தெரிந்தது. அவர் தவறான ஆள் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்துக்காக உரித்தைப் பரிசோதிக்கும்படி அவரை யாரும் நியமிக்கவே இல்லை என்பதுதான் விடயம். நொத்தாரிசு ஒருவர் தன் முன்னால் இன்னார் கையெழுத்துப் போட்டார் என்று அத்தாட்சிப்படுத்துவது வேறு. வாங்குகிறவரின் சட்டத்தரணி, விற்பவருக்கு விற்கும் உரித்து உண்டா என்று பார்ப்பது வேறு. ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். ஆனால் யாருக்காகச் செய்கிறார் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

அன்றே நான்கு விடயங்கள் முடிவாயின. எதிலும் கையெழுத்து வேண்டாம். தரகருக்கு 'பவர்' வேண்டவே வேண்டாம். தேவை வந்தால் தம்பி அக்காவுக்கு, இந்த ஒரு கொள்வனவுக்கு மட்டும் செல்லுபடியாகும் விசேட அற்றோணித் தத்துவத்தைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம், இங்கே அதைப் பதியலாம். விலையைக் குறைத்து எழுதுவதற்கு மெடம் ஒத்துக்கொள்ளவில்லை. அரசுக்குரிய தீர்வையை மறைப்பது ஒரு பக்கம் இருக்க, நாளைக்கு உரித்து பிழையென்று ஆகிப் பணத்தைத் திரும்பக் கேட்டால் கையில் இருக்கும் ஒரே பத்திரம் 30 இலட்சம் என்றுதான் பேசும். நான்காவது, தரகரோடு சண்டை வேண்டாம். 5 இலட்சம் அவர் கையில் போயிருக்கிறது. "லோயர் ஒருத்தர்கிட்ட காட்டணும்னு தம்பி சொல்றான்" என்று மட்டும் சொல்லச் சொன்னோம்.

பதிவகத்தில் கண்டவை

தரகர் தந்த நிழற்பிரதிகளை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். முதல் உறுதி 26 பேர்ச்சஸுக்கு. பதிவேட்டில் ஒரு காணிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் மேல் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரிசையாக எழுதுவார்கள். பக்கம் நிறைந்தால் வேறு ஏட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது என்று ஓரத்தில் இலக்கம் போடுவார்கள். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் பின்னால் போனேன். உரித்துத் தொடர் அறாமல் வந்தது. 2009இல் ஒரு ஈடு இருந்தது. கடனை அடைத்துவிட்டார்கள், ஈடு நீக்கியதைப் பதியவில்லை. இது சரிசெய்யக்கூடிய விடயம்.

இங்கே நாங்கள் ஒரு பிழை விட்டோம். இரண்டாவது பத்திரத்தின் நிழற்பிரதியில் முதல் பக்கம் இல்லை. எல்லை விவரங்களும் 14 பேர்ச்சஸ் என்ற பரப்பும் இருந்த உட்பக்கம் மட்டும்தான். அதையும் சாதாரண உறுதி என்று எடுத்துக்கொண்டு, தனியார் காணிகளின் ஏடுகளிலேயே தேடிக்கொண்டிருந்தேன். முழுப் பிரதி கேட்டுத் தரகருக்கு மூன்று தடவை சொல்லியனுப்பினோம். "தர்றேன்" என்றே நாள் போனது. ஆறு கிழமை வீணானது.

விற்பவரின் திண்ணையில்

மே மாதம் மெடம் பொறுமையிழந்து, நேரே விற்பவரையே பார்த்துவிடலாம் என்றார். அக்காவையும் ஒரு அனுமதிபெற்ற நில அளவையாளரையும் கூட்டிக்கொண்டு போனோம். விற்பவர் எழுபது வயதுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர். எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். இரண்டாவது உறுதியைக் கேட்டதும் உள்ளே போய், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு பத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேலே அரச இலச்சினை, கீழே ஜனாதிபதியின் கையெழுத்து. "மற்றதை விட இதுதான் பலம், ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டுத் தந்தது" என்று சிங்களத்தில் சொன்னார். அதை அவர் முழுமனதோடு நம்பினார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அளிப்புப் பத்திரம். அரசு ஒரு குடும்பத்துக்கு நிபந்தனையோடு கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. மாற்றினால் அந்த உறுதி வெற்றுக் காகிதம், எத்தனை இலட்சம் கொடுத்திருந்தாலும் சரி. பத்திரத்தில் இருந்த பெயரும் இந்தப் பெரியவருடையதல்ல, அவருடைய அப்பாவினுடையது. அப்பா இறந்து வருடங்களாகின்றன. அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளராக யாருடைய பெயரும் பதிவாகவில்லை. சகோதரங்கள் நான்கு பேர். ஆக, சம்மதம் கேட்டு விண்ணப்பிக்கக்கூட இப்போதைக்கு உரிய ஆள் இல்லை.

நில அளவையாளர் சங்கிலி பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னது அடுத்த அடி. வாகனம் வரும் மண் பாதை முழுவதும் அந்த 14 பேர்ச்சஸுக்குள் இருந்தது. உறுதி சுத்தமாக இருந்த 26 பேர்ச்சஸுக்குத் தேயிலைக்கு ஊடாக ஓர் அடிப்பாதைதான்.

கிளம்பும்போது மெடம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். பெரியவர் பேர்ச்சஸ் 1,80,000 என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரிடம் 72 இலட்சம், இவர்களிடம் 90 இலட்சம். நடுவில் நின்ற 18 இலட்சம் தரகருக்கு, அதற்கு மேல் இரண்டு சதவீதத் தரகு வேறு. மேலே வைத்து விற்பது இங்கே பலர் செய்வதுதான். ஆனால் வாங்குகிறவரிடம் உங்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லித் தரகு வாங்கிக்கொண்டு, அவர் கொடுக்கும் விலையைத் தானே ஏற்றுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. கொடுத்த 5 இலட்சத்தில் தன் கைக்கு வந்தது 2 இலட்சம் என்றும் பெரியவர் சொன்னார்.

த்ரீவீலில் திரும்பி வரும் வழியில் அக்கா ஒன்றுமே பேசவில்லை. பண்டாரவளை வந்து இறங்கும்போதுதான், "அவரு நம்ம ஆளுன்னுதானே குடுத்தோம்" என்றார்.

முடிவும் காரணமும்

மெடம் மூன்று வழிகளை எழுதிக் காட்டினார். பின்னுரித்தைப் பதிந்து சம்மதம் வரும்வரை காத்திருப்பது, மேல் 26 பேர்ச்சஸை மட்டும் வாங்குவது, விலகுவது. தம்பிக்கு இரண்டாவதுதான் பிடித்தது. பாதையைப் பெரியவர் வாய்மொழியாக விட்டுத்தருவார், நல்ல மனிதர் என்றார். நல்ல மனிதர் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பதிவில் தன் பெயர் இல்லாத அரச அளிப்புக் காணிக்கு ஊடாகப் பாதை உரிமை எழுதிக் கொடுக்க அவரால் முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு மற்ற மூன்று சகோதரங்களின் பிள்ளைகள் கம்பி கட்டினால், அறைகளுக்கு வருகிற ஆட்கள் சூட்கேசைத் தலையில் வைத்துத்தான் ஏற வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பதுளை மாவட்டத்தில் சரிவில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பரிசோதனையைப் பற்றித் தரகர் வாயே திறந்திருக்கவில்லை. முதலில் அந்த அறிக்கை, பிறகு விலை என்றுதான் வரிசை இருந்திருக்க வேண்டும்.

ஜூனில் விலகுவதென்று முடிவானது.

பிறகு நடந்தவை

கோரிக்கைக் கடிதம் இருவருக்கும் போனது. பெரியவர் தன் 2 இலட்சத்தை இரண்டு தவணையில் கொண்டுவந்து கொடுத்தார். தரகரிடமிருந்து நான்கு மாதத்தில் 1,50,000 வந்தது. மிச்சம் 1,50,000 இன்றுவரை வரவில்லை. பொலிசில் முறைப்பாடு செய்யலாம், வழக்கும் போடலாம் என்றோம். ஒரே ஊர்க்காரர், பிள்ளைகள் ஒரே பாடசாலை என்று அக்கா மறுத்துவிட்டார். அந்த முடிவு அவருடையது. எனக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை.

பெரியவர் பின்னுரித்து வேலையை எங்களையே செய்து தரச் சொல்லி வந்தார். மெடம் ஏற்கவில்லை. இதே காணி விடயத்தில் எதிர்த்தரப்புக்கு நின்றுவிட்டு இப்போது இவருக்கும் நிற்பது முறையல்ல என்று அவரிடமே விளக்கி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு முதலில் கோபம், பிறகு விளங்கியது.

2024இல் அக்காவும் தம்பியும் பண்டாரவளைக்குக் கிட்ட 15 பேர்ச்சஸ் வாங்கினார்கள். இந்தத் தடவை மூல உறுதிகளின் முழுப் பிரதிகள் வந்த பிறகே தேடல் தொடங்கியது. தேடல் முடிந்த பிறகே முற்பணம், அதுவும் விற்பவரின் பெயருக்குக் காசோலையாக. கொடுத்த அன்றே நொத்தாரிசு முன்னால் விற்பனை உடன்படிக்கை, அதையும் காலம் கடத்தாமல் பதிவகத்தில் பதிந்தோம். விலையை முழுதாக எழுதி முழு முத்திரைத் தீர்வையும் கட்டினார்கள். இதிலும் ஒரு தரகர் இருந்தார். விற்பவர் கேட்கும் விலையை விற்பவரின் வாயாலேயே சொல்ல வைத்தார், தன் தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பேசிய தரகை அக்கா உறுதி எழுதிய அன்றே மனநிறைவோடு கொடுத்தார். தமிழில் எழுத அனுமதிபெற்ற நொத்தாரிசுதான் வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் அவரே வாய்விட்டு வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டது

முதல் பக்கம் இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு பதிவகத்துக்குப் போவதில்லை. கண்ணால் மூலத்தைப் பார்க்காமல் தேடல் தொடங்குவதில்லை, அளிப்புக் காணிகளின் பதிவையும் தனியே பார்க்கிறேன். விற்பவரை முதல் கிழமையிலேயே நேரில் பார்க்கிறோம். இந்த விடயத்தில் தொடக்கத்திலேயே ஒரு தேத்தண்ணியோடு முடிந்திருக்க வேண்டியதை மே வரை இழுத்தோம். புதிதாக வருகிறவர்களின் கோவையின் முதல் தாளில் இப்போது மூன்று வரி உண்டு: காணி காட்டியவர் யார், அவருக்குக் காசு கொடுப்பது யார், முற்பணம் இப்போது யார் கையில். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு உறுதி, அனுமதிப்பத்திரம் (அரச காணியில் இருக்க மட்டும் அனுமதிப்பது), அளிப்புப் பத்திரம் மூன்றின் பழைய பிரதிகளை மேசையில் பரப்பி வித்தியாசத்தைக் காட்டுகிறேன். கால் மணி நேர வேலை.

தெமோதரைப் பக்கம் அந்த 40 பேர்ச்சஸ் இன்னும் பெரியவரின் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சகோதரங்கள் நால்வரில் மூவர் பிரதேச செயலகத்துக்கு வந்து கையெழுத்திட்டுவிட்டார்கள். நான்காமவர் இத்தாலியில். அவருடைய கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.